ரோட்பிளாக்கில் மட்டும் உயிரோடு இருந்தவர்

கிஃபாயத்துல்லா இறந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. கிளாங்கில் அவர் கடை வைத்திருந்த தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி இன்னமும் பேசுகிறவர்கள் உண்டு. ஆனாலும் போலீஸ் ரோட்பிளாக்கில் மட்டும் அவர் உயிரோடுதான் இருந்தார்.

அங்கே அவரை உயிரோடு வைத்திருந்தவள் அவருடைய மகள் மஹ்ஜபீன். மசாலாத்தூள் அரைத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவது அந்தக் குடும்பத்தின் தொழில். கிளாங்கிலிருந்து பூச்சோங், கம்போங் மேடான், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று வெள்ளை வேனில் கொண்டுபோய் இறக்குவது மஹ்ஜபீனின் வேலை. வேனின் பக்கவாட்டில் ‘கிஃபாயத்துல்லா & சன்ஸ்’ என்று பச்சை எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கும். சன்ஸ் இரண்டு பேரும் ஏசி போட்ட கடையில் உட்கார்ந்திருக்க, மகள் வெயிலில் வேன் ஓட்டினாள். இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவளுக்கு அந்த ஸ்டியரிங்தான் மரியாதை.

ரோட்பிளாக்கில் நிறுத்தினால் போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்ப்பார், அடையாள அட்டையான ஐசியைப் பார்ப்பார். இரண்டும் சரியாக இருக்கும். ரோட் டேக்ஸும் நடப்பில் இருக்கும். கடைசியாக வேன் யாருடையது என்று கேட்பார். “பாப்பா சாயா, துவான்” என்பாள். என் அப்பாவுடையது. அவர் எங்கே என்றால் “ரூமா” என்பாள். வீட்டில் இருக்கிறார்.

முதல் தடவை அது தற்செயலாக வாயில் வந்துவிட்ட சொல். அத்தா போய் நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் யாரும் அத்தா பேச்சை எடுப்பதில்லை, எடுத்தால் சொத்துப் பேச்சில்தான் போய் முடியும். யாரோ ஒரு போலீஸ்காரரிடம் மட்டும் அவள் தைரியமாக “அத்தா வீட்டில் இருக்கிறார்” என்று சொல்ல முடிந்தது. போகப்போக கொஞ்சம் சேர்த்துக்கூடச் சொன்னாள். முழங்கால் வலி, அதனால் ஓட்டுவதில்லை என்றாள். ஒரு நல்ல மனுஷன், வேனில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, “உன் அப்பாவுக்கு என் சலாமைச் சொல்லு” என்று மலாயில் சொல்லி அனுப்பினார்.

சொல்லியனுப்பிய சலாம் அமானிதம். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் அத்தாவை அடக்கம் செய்த கபர்ஸ்தானுக்கு உள்ளே போகும் வழக்கமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மஹ்ஜபீன் வேனை வேலியோரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “அத்தா, ஒரு சார்ஜன் உங்களுக்கு சலாம் சொன்னாரு” என்று சொல்லிவிட்டு வந்தாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கடைக்காரர்கள் விசாரித்தாலும் சரி, போலீஸ்காரர்கள் சொன்னாலும் சரி, வேலியோரம் நின்று சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை.

பெயரை மாற்றாததற்குக் காரணம் பாசம் மட்டும் என்று சொன்னால் அது பொய். வேனை வேறு பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வேனைத் தொட்டால் கடையைத் தொட வேண்டும். கடையைத் தொட்டால் அண்ணன் ஆஷிக்கும் தம்பி அத்னானும் அதோடு ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் யாரும் எதையும் தொடவில்லை. வருஷா வருஷம் ஆஷிக் ஏஜெண்டுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுவான். இறந்துபோன மனுஷன் பெயரில் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப்படும், ரோட் டேக்ஸ் வரும். ஏஜெண்ட் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. காசு கட்டியாயிற்று, இன்சூரன்ஸ் கவர் வந்தாயிற்று, அப்புறம் என்ன? ஊரில் பாதிப் பேர் இப்படி நினைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

ஒரு நாள் பூச்சோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சந்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பினாள். சந்து முனையிலிருந்து பார்த்தால், பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளி ஆரஞ்சு நிறக் கூம்புகள் தெரிந்தன. ரோட்பிளாக். ரோட்பிளாக்கைக் கண்டால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது மஹ்ஜபீனின் பழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேன் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போதே குனிந்து, டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் உறையைத் தேடினாள்.

அதே ரோட்பிளாக்கைப் பார்த்துப் பயந்து, பெரிய ரோட்டிலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் சட்டென்று அந்தச் சந்துக்குள் திரும்பியது. சந்தில் தனக்குரிய பக்கத்தில்தான் வந்தது, மெதுவாகத்தான் வந்தது. மஹ்ஜபீன் நிமிரவில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

விழுந்தவர் பெயர் நாகையா. கம்போங் மேடானில் வீடு, பூச்சோங்கில் ஒரு கிடங்கில் வேலை. வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கால் வேனின் பம்பருக்கும் பைக்குக்கும் நடுவே மாட்டியிருந்தது. கடைப் பையன்கள் ஓடிவந்து பைக்கைத் தூக்கினார்கள். யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள், யாரோ அங்கேதான் போலீஸ் நிற்கிறதே, கூப்பிடு என்றார்கள்.

நாகையா படுத்தபடியே மஹ்ஜபீனின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார். “போலீஸ் வேணாம்க்கா. சத்தியமா வேணாம். என்னைய ஆஸ்பத்திரியில மட்டும் விட்டுருங்க.”

வேனில் மீதியிருந்த மசாலா மூட்டைகளின் மேல் அவரைக் கிடத்தினார்கள். கூம்புகள் நின்ற பக்கம் போகாமல், பின்வழியாக அவள் வேனை ஓட்டினாள். வழியெல்லாம் அவர் முனகிக்கொண்டே வந்தார். காலுக்கு அடியில் இருந்த மல்லித்தூள் மூட்டை சிவந்துபோயிற்று.

அரசு மருத்துவமனைக்கு அவருடைய மனைவி தாமரை ஓடிவந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். கையில் இன்னும் ரப்பர் கையுறை இருந்தது. மஹ்ஜபீன் எழுந்து நின்று, “நான்தான் இடிச்சுட்டேன்மா” என்றாள். அடி விழும் என்றே நினைத்தாள். தாமரை அவளைத் தனியாக ஒரு தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, அவரு லைசன் செத்துப் போயி ரொம்ப நாளாச்சு. ரோட் டேக்ஸும் செத்துருச்சு.” தேதி முடிந்துபோன எதையும் இந்த ஊரில் செத்துப்போச்சு என்றுதான் சொல்வார்கள். “கவுண்டர்ல கேட்டாங்க. தானா வழுக்கி விழுந்தாருன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்கக்கா. போலீஸு வந்தா அவரத்தான் மொத புடிப்பாங்க.”

மஹ்ஜபீனுக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு செய்தவள் இவள், கெஞ்சுகிறவள் அவள். அவளுடைய ஈரக் கையுறையோடு சேர்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் பயப்படாதே. வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. எல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அந்த நிமிஷத்தில் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்றே அவள் நம்பினாள்.

சாயங்காலம் கடையில் ஆஷிக் ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பேசினான். போனை வைத்தபோது முகம் செத்திருந்தது.

“இன்சூரன்ஸ்காரன் ஓனர் எங்கன்னுதான் மொத கேப்பானாம். மௌத்தாப்போன ஆளு எப்படி இன்சூரன்ஸ் எடுத்தாருன்னு கேப்பானாம். தரமாட்டான், முடிஞ்சுது.”

“நாமதானே வருஷா வருஷம் கட்டுனோம்?”

“யாரு பேர்ல கட்டுனே? அதத்தான் கேக்குறான். கேஸு வந்தா நம்ம மேல வரும், கடை மேல வரும். அத்னான் ஏற்கனவே எப்படா கடைய விக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கான்.”

“இடிச்சது நான்தானேண்ணே.”

“நீ இடிச்சேன்னு யாரு சொன்னா? அவன் பொண்டாட்டியே தானா விழுந்தான்னு சொல்லிட்டா. அவங்களே போலீஸ் வேணாங்குறாங்க. நீ ஏன் போயி தலையில மண்ண வாரிப் போட்டுக்குறே? சும்மா இருலா. சாப்பாடு கீப்பாடு கொண்டுபோயிக் குடு. நல்லபடியா பாத்துக்க. வாயத் தொறக்காதே.”

விபத்து நடந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்பது மஹ்ஜபீனுக்குத் தெரியும். லைசென்ஸ் எடுக்கும்போது படித்தது. அந்த நேரம் வந்தது, போயிற்று. அவள் சமையலறையில் நாகையாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், அதில் குறை சொல்ல முடியாது. தினமும் சாப்பாடு கொண்டுபோனாள். தாமரையை வேலை இடத்தில் ஏற்றி மருத்துவமனையில் இறக்கினாள். வார்டில் இருந்த மற்றவர்களிடம் தாமரை, “எங்க கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மஹ்ஜபீன் டப்பாவைக் கழுவுவதுபோல் எழுந்து போய்விடுவாள்.

கால் பிழைக்கவில்லை. சீழ் வைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த நாகையா போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதை மறுபடி இழுத்து மூடினார். இனி கிடங்கில் அவருக்கு வேலையில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் தாமரை கடை வாசலுக்கே வந்து நின்றாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. கிடங்கின் ஆபீஸில் பேசியிருக்கிறாள். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டதால் தொழிலாளர் காப்பீடான சொக்சோவில் பணம் கேட்கலாமாம், மாசா மாசம் வருமாம். ஆனால் போலீஸ் ரிப்போட் இல்லாமல் அந்தப் பேச்சே எடுக்க முடியாதாம்.

“சம்மன் வந்தா வரட்டும்க்கா, அபராதத்த எப்படியாச்சும் கட்டிருவோம். கால் போனதுக்கு மேல என்னா வரப்போவுது? நீங்க மட்டும் கூட வந்து நடந்தத சொன்னாப் போதும். உங்க வேன் இன்சூரன்ஸும் இருக்குன்னு சொன்னீங்கள்ல.”

உள்ளே கல்லாவில் இருந்த ஆஷிக் எழுந்து வந்தான். தாமரையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். தங்கையை மூட்டைகளின் பின்னால் கூப்பிட்டான். “வேன்ல ஏத்திக்கிட்டுப் போ. போற வழியில பயங்காட்டித் திருப்பி அனுப்பிடு. உன்னால முடியலன்னா சொல்லு, நான் பேசுறேன். நான் பேசினா நல்லா இருக்காது” என்றான்.

மஹ்ஜபீன் சாவியை எடுத்தாள். வேனைக் கிளப்பும்போது அவள் மனதில் ஸ்டேஷன்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது, வருவது வரட்டும். கிளாங்கைத் தாண்டும்வரை அந்தத் தைரியம் அவளிடம் இருந்தது. பூச்சோங் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ரோட்பிளாக் இருந்தது.

இளவயசுப் போலீஸ்காரர். லைசென்ஸைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். வேன் யாருடையது என்று கேட்டார்.

“பாப்பா சாயா, துவான்.”

எங்கே அவர்?

“ரூமா.”

நாக்கு தானாகச் சொல்லிற்று. மூன்று வருஷப் பழக்கம். போலீஸ்காரர் கையசைத்து அனுப்பினார். வேன் பத்து அடி நகர்ந்திருக்காது, பக்கத்தில் இருந்த தாமரை அவள் கையைத் தொட்டாள்.

“அக்கா, உங்க அப்பா வீட்டுலதானே இருக்காரு? வேன் அவரு பேர்லதானே? ஒரு எட்டு போயி அவரயும் கூட்டிக்கிட்டுப் போயிருவோமா? பெரியவங்க கூட இருந்தா போலீஸும் நல்லபடியா பேசுவாங்க. நான் வேணா வந்து அவரு கால்ல விழுந்து கேக்குறேன்.”

மஹ்ஜபீன் வேனை ஓரங்கட்டினாள். இப்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அத்தா மௌத்தாகி மூன்று வருஷம் ஆச்சு. அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் எல்லாம் வரிசையாக வந்துவிடும். இன்சூரன்ஸ் இல்லை என்பது வரும். இத்தனை நாள் கொண்டுவந்த கஞ்சி எதற்காக என்பது வரும். பக்கத்தில் இருக்கிற இந்த முகம் எப்படி மாறும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடை போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. அந்த முகம் மாறுவதைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது. கோழைகளுக்கு இப்படித்தான் ஏதாவது ஒரு மென்மையான காரணம் கிடைக்கும்.

“தாமரை, நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நீ ஆஸ்பத்திரியில தானா விழுந்தாருன்னு சொல்லிட்டே. அங்க எழுதி வச்சிருப்பாங்க. இப்ப போயி மாத்திச் சொன்னா, எது பொய்யின்னு கேப்பாங்க. பொய் சொன்னதுக்கு உன்னையப் புடிப்பாங்க.”

தாமரையின் கை மெல்ல விலகியது.

“அவருக்கு லைசன் இல்ல. ரோட்பிளாக்கப் பாத்துத் திரும்பி ஓடுனாருன்னு ஆயிரும். படுக்கையிலயே விலங்கு போட்டு உக்கார வச்சுருவாங்க. அப்புறம் லாக்கப்பு. ஒத்தக் காலோட அவரு அங்க எப்படி இருப்பாரு? நீயும் உள்ள போயிட்டா அவர யாரு பாக்குறது?”

லாக்கப் என்ற சொல்லைக் கேட்டதும் தாமரை திரும்பி அந்த ரோட்பிளாக்கைப் பார்த்தாள். கம்போங் மேடானில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இது மஹ்ஜபீனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

வெளியே லோரிகள் போய்க்கொண்டிருந்தன. தாமரை கேட்டாள். “அப்ப சொக்சோ?”

“அது இல்லாட்டி என்னா, நாங்க இருக்கோம்ல.”

“ஆமாக்கா.” தாமரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல வேள, நீங்க சொன்னீங்க. நான் பாட்டுக்குப் போயி மாட்டிக்கிட்டிருப்பேன். வீட்டுக்கே விட்டுருங்க.”

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளின் கீழே வேன் நின்றது. தாமரை இறங்கினாள். கதவைச் சாத்தப் போனவள், வேனின் பக்கத்தில் எழுதியிருந்த பெயரை ஒரு தடவை நின்று பார்த்தாள். பிறகு ஜன்னலருகே வந்தாள்.

“அக்கா, உங்க அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. பெத்த புள்ளைய நல்லா வளத்திருக்காரு. இடிச்சுட்டு நிக்காமப் போறவங்கதான் இந்த ஊர்ல அதிகம். மறக்காம சொல்லிருங்கக்கா.”

மஹ்ஜபீன் தலையாட்டினாள்.

கிளாங் திரும்பும் வழியில் இன்னொரு ரோட்பிளாக். இந்தத் தடவை வயசான போலீஸ்காரர். லைசென்ஸைப் பார்த்தார். வேன் யாருடையது என்று கேட்டார். அப்பாவுடையது என்றாள். எங்கே அவர் என்றார்.

“சுடா மெனிங்கால், துவான்.” இறந்துவிட்டார்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். என்னவோ நடக்கப்போகிறது என்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். மௌத்துச் செய்திக்குச் சொல்லும் “இன்னாலில்லாஹி”யை முணுமுணுத்தார். சீக்கிரம் பெயரை மாற்றிக்கொள், பின்னால் கஷ்டம் வரும் என்று மலாயில் சொன்னார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே அதற்கு மேல் விலை இருக்கவில்லை.

கம்போங் மேடானுக்குத் திரும்பிப்போக வழி நெடுக வளைவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் வரும்போது அவள் பார்த்தாள். சிக்னல்கூடப் போட்டாள் ஒரு இடத்தில். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான், சிக்னலை அணைத்துவிட்டு நேரே ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை வேனை வழக்கம்போலக் கபர்ஸ்தான் வேலியோரம் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். அத்தாவுக்கு ஒரு கடைக்காரர் சலாம் சொன்னதைச் சொன்னாள். அந்த வயசான போலீஸ்காரர் உங்களுக்காக ‘இன்னாலில்லாஹி’ சொன்னார் என்றாள். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அதற்காக வாயைத் திறந்தாள்.

பக்கத்து ஸீட்டில் நாகையாவுக்கான சாப்பாட்டு டப்பா சூடு ஆறிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். தாமரை சொல்லியனுப்பியதை மட்டும் அவள் இன்றுவரை அத்தாவிடம் சேர்க்கவில்லை.